டப்பா மேல லேபிள் இருந்தால்தான் டி.என்.ஏ. பேசும்

1970-களின் நடுவில் தொடங்கி 1986 வரை கலிஃபோர்னியாவில் ஒருவன் ராத்திரியில் வீடு புகுந்து 13 பேரைக் கொன்றான். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினான். ஆள் யாரென்றே தெரியவில்லை. பின்னாளில் கோல்டன் ஸ்டேட் கில்லர் என்று பெயர் மட்டும் வந்தது. 2018 ஏப்ரல் 24-ம் தேதி ஜோசப் டிஆஞ்சலோ என்ற 72 வயதுக்காரரைக் கைது செய்தார்கள். ஆள் முன்னாள் போலீஸ்காரர்! 1979-ல் கடையில் சுத்தியலும் நாய் விரட்டும் மருந்தும் திருடி மாட்டிக்கிட்டதால வேலை போனவர். 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கினார்.

இந்த வழக்கைப் பற்றி எழுதுற எல்லாரும் "டி.என்.ஏ. காட்டிக் கொடுத்தது"ன்னு முடிச்சிடுறாங்க. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, டி.என்.ஏ. என்ன செய்தது என்பதைப் பார்த்துடலாம்.

நம்ம மரபணுத் தொகுப்பில் கிட்டத்தட்ட 300 கோடி எழுத்துகள். அதில் சில இடங்களில் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். சத்திரப்பட்டி தறியில் ஒரே நெசவு திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி. எனக்கு ஒரு இடத்தில் 11 தடவை, 14 தடவை வரலாம் (அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு). உங்களுக்கு 9, 16-ன்னு இருக்கலாம். அமெரிக்க போலீஸ் இப்படி 20 இடங்களை எண்ணுது. அதாவது ஒரு மனுஷனுக்கு 40 எண்கள். பொருத்திப் பார்க்கிற வேலை ஒண்ணுமே இல்லை, கல்லூரி முடிச்ச பையன் ஒரு மதியத்தில் நிரல் எழுதிடுவான்.

சிக்கல் எங்கேன்னா, அந்த 40 எண்கள் ஏற்கெனவே போலீஸ் தரவுத்தளத்தில் இருக்கிற ஆளோடதான் பொருந்தும். டிஆஞ்சலோ அதில் இல்லை. அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி அளவுக்கு நெருங்கின உறவு இருந்தாலாவது ஏதோ சாடை தெரியும். தூரத்துச் சொந்தம்னா இந்த எண்கள் வாயே திறக்காது.

அதனால வேற வழிக்குப் போனாங்க. 40 எண்களுக்குப் பதிலா, ஆளுக்கு ஆள் ஒற்றை எழுத்து மாறுகிற லட்சக்கணக்கான இடங்களைப் படிச்சு, தங்கள் முன்னோரைத் தேடுற பொதுமக்கள் பயன்படுத்துற ஜெட்மேட்ச் மாதிரியான தளங்களில் ஏற்றினாங்க. எள்ளுத்தாத்தா ஒண்ணா இருக்கிற இரண்டு பேர் சராசரியா 0.8 சதவீதம் டி.என்.ஏ.வைப் பகிர்ந்துக்குவாங்க. அப்படிக் கிடைச்ச தூரத்து உறவுகளை வெச்சு, பார்பரா ரே-வென்டர் என்ற மரபியல் ஆய்வாளரும் புலனாய்வாளர்களும் மேலே போய்க் குடும்ப மரம் வரைஞ்சு, மறுபடி கீழே இறங்கி வந்தாங்க. வயசு, ஊர், ஆண் என்று வடிகட்டினா மிஞ்சினது சில பேர். கடைசியில் டிஆஞ்சலோவோட கார் கதவுக் கைப்பிடியிலும் குப்பையில் போட்ட காகிதத்திலும் மாதிரி எடுத்துப் பழைய முறையிலேயே ஒப்பிட்டு உறுதி செய்தாங்க.

(இதை நம்ம பக்கம் செஞ்சா ஒரு கூத்து நடக்கும். தலைமுறை தலைமுறையா மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டின குடும்பங்களில் தூரத்துச் சொந்தம்கூட டி.என்.ஏ.வில் கிட்டத்துச் சொந்தமா தெரியும். குடும்ப மரம் மரமா இருக்காது, வலையா இருக்கும். கணக்கைத் திருத்தித்தான் போடணும்.)

இப்போ மீதிப் பாதி. இந்த முறைக்கு நல்ல நிலையில், போதுமான அளவு டி.என்.ஏ. வேணும். அது எங்கே இருந்து வந்தது? 1980-ல் வெஞ்சுரா நகரில் ஒரு தம்பதி கொல்லப்பட்டாங்க. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவருக்கு ஒரு பழக்கம்: மாதிரிகளை இரண்டு செட்டாக எடுப்பார். ஒண்ணு ஆய்வகத்துக்குப் போகும், இன்னொன்று ஃப்ரீசருக்குள். அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடிச்சதே 1984-ல்தான். அதற்கு நாலு வருஷம் முன்னாடி, எதுக்குன்னே தெரியாம ஒருத்தர் மூடி போட்டு, பேர் எழுதி வெச்ச டப்பா 37 வருஷம் கழிச்சுப் பேசியிருக்கு. தொழில்நுட்பத்தை விட இந்த மருத்துவர் பேரில்தான் எனக்கு மரியாதை அதிகம்.

ஆலங்குளத்தில் நின்னு மேற்கே பார்த்தா தெரியுற மலைத்தொடர் இருக்கே, அதுக்கு அந்தப் பக்கம்தான் சுருளி அருவி. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்னு 2021-ல் இரண்டு பக்கத்தையும் ஒண்ணா சேர்த்தாங்க. 2011 மே மாதம் சுருளிக்குப் போன ஒரு இளம் ஜோடி கொலையானாங்க. அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கும் ஆளாகியிருந்தார். ஒருவர் கைதானார். டி.என்.ஏ. அறிக்கை அவருக்கு எதிரா இருந்தது. 2018-ல் தேனியில் தூக்கு தண்டனை. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது.

2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

மற்ற சாட்சியங்களிலும் ஓட்டை இருந்தது. ஆனா நான் நிக்கிறது டி.என்.ஏ.கிட்ட. உடலில் இருந்து எடுத்த மாதிரி யார் கையில் இருந்து யார் கைக்குப் போச்சு, நடுவில் எங்கே இருந்தது, ஏன் தாமதம், கலப்படம் ஆகலைன்னு எப்படிச் சொல்றது, எதுக்கும் ஒழுங்கான பதில் இல்லை. அதனால அந்த அறிக்கையையே நீதிமன்றம் ஒதுக்கி வைத்தது. யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஏழு வருஷம் தூக்குக் கயிறை நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார். இரண்டு குடும்பங்களுக்கு 14 வருஷம் கழிச்சும் யார் செய்ததுங்கிற பதில் இல்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்று அந்த மாதிரி சொல்லியிருக்கலாம். சொல்ல விடாம செய்தது ஆய்வகம் இல்லை, வழி.

இது சுருளியோடு போகிற கதையும் இல்லை. 1996-ல் டெல்லியில் ஒரு சட்ட மாணவி கொலையான வழக்கிலும் டி.என்.ஏ. அறிக்கையை ஏற்காம 1999-ல் விசாரணை நீதிமன்றம் விடுவிச்சது. அதே அறிக்கையை உயர் நீதிமன்றம் ஏற்று 2006-ல் தண்டிச்சது. அந்த மாதிரியும் எண்களும் மாறவே இல்லை.

நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் இன்னும் கவனம் தேவை. ரத்தம் பட்ட துணியை ஈரத்தோட பிளாஸ்டிக் பையில் கட்டினா பூஞ்சை வந்து டி.என்.ஏ.வைத் தின்னுடும். நிழலில் காயவெச்சுக் காகித உறையில் போடணும். இதுக்கு ஆகிற செலவு ஒரு டீ காசு.

சுருளி தீர்ப்பில் நாடு முழுக்க நடைமுறை சொல்லியிருக்காங்க. மாதிரி மேல எஃப்.ஐ.ஆர். எண், சட்டப் பிரிவு, காவல் நிலையம் எல்லாம் இருக்கணும். மருத்துவர், விசாரணை அதிகாரி, தனிச் சாட்சிகள் கையெழுத்து வேணும். 48 மணி நேரத்துக்குள் தடயவியல் ஆய்வகத்துக்குப் போகணும், தாமதமானா காரணம் எழுதணும். விசாரணை நடக்கும்போது நீதிமன்ற அனுமதி இல்லாம உறையைத் திறக்கக் கூடாது. கைமாறுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு பதிவேட்டில் ஏறணும். அது வழக்கு முடியுற வரை இருக்கணும். மென்பொருளில் ஒரு வரியை மாத்தினாலே யார், எப்போ, எதுக்குன்னு பதிவாகுது. உயிர் போகிற விஷயத்துக்கு இது 2025-ல்தான் வந்திருக்கு.

பதிவேட்டு மாதிரிப் படிவங்களை மாநிலக் காவல்துறைத் தலைவர்கள் தயாரிச்சு எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பணும் என்பது உத்தரவு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையங்களுக்கு அது வந்து சேர்ந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு மனு எழுதிக்கிட்டிருக்கேன். பதில் வந்ததும் இங்கேயே போடுறேன்.