பனிக்காலம் வருது... காருக்கு ஆல்-சீசன் டயர் போதுமா, வின்டர் டயர் வேணுமா?

வேலைக்கோ படிப்புக்கோ கனடா போய், டொரன்டோ பக்கம் ஒரு பழைய கார் வாங்குகிறீர்கள். அதில் பெரும்பாலும் ‘ஆல்-சீசன்’ டயர்தான் இருக்கும். பெயரிலேயே எல்லா சீசனும் இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு செட்? சம்பளத்தில் பாதியை விழுங்கும் செலவாச்சே என்று தோன்றும். ஆனால், பிரேக் அடித்தால் கார் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது டயர்தான்.

7 டிகிரி கணக்கு என்ன?

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆல்-சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், பிடிப்பு குறையும். ரோட்டில் பனி இல்லாவிட்டாலும் இதே கதைதான். வின்டர் டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதன் மேல் உள்ள மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும்.

டயரில் எதைப் பார்க்கணும்?

‘எம்+எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது பள்ளங்களின் வடிவத்தைத்தான் சொல்கிறது. மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் படம் இருக்கிறதா பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அந்த முத்திரை.

சட்டம் என்ன சொல்லுது?

* கியூபெக்: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம்.
* ஒன்டாரியோ: கட்டாயமில்லை. ஆனால், போட்டிருந்தால் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள்.
* ஜெர்மனி: தேதிக் கணக்கு இல்லை. ரோட்டில் பனி, ஐஸ் இருந்தால் கட்டாயம். 2024 அக்டோபர் முதல் மலை முத்திரை உள்ள டயர் மட்டுமே செல்லும்.

‘ஆல்-வெதர்’னு ஒண்ணு இருக்கே?

அது வேறு ரகம். மலை முத்திரையோடு வரும், வருஷம் முழுக்க ஓட்டலாம். பனி உடனுக்குடன் அகற்றப்படும் நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது வசதி. அடிக்கடி ஹைவேயில், ஐஸ் படிந்த ரோட்டில் போகிறவர்களுக்கு வின்டர் டயரே நல்லது.

செலவு கட்டுப்படியாகுமா?

இரண்டு செட்டும் ஆளுக்குப் பாதி வருஷம் ஓடுவதால், ஒவ்வொன்றும் கூடுதல் காலம் உழைக்கும். வின்டர் டயரைத் தனி ரிம்மில் மாட்டி வைத்தால், சீசனுக்கு சீசன் மாற்றும் கூலியும் குறையும். வெயில் காலத்தில் கழற்றிவிடுங்கள். சூட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இதை மட்டும் செய்யாதீங்க

* காசு மிச்சம் என்று முன்னால் மட்டும் இரண்டு டயர் போடாதீர்கள். வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழலும். நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும்.
* ‘நம்மது ஆல்-வீல் டிரைவ்’ என்று நம்பி இருக்காதீர்கள். அது கார் கிளம்ப உதவும், நிற்க உதவாது.
* பழைய டயர் வாங்கினால் ‘டாட்’ எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3521 என்றால் 2021-ன் 35-வது வாரத் தயாரிப்பு.
* காற்றழுத்தம் குளிரில் தானாகக் குறையும். மாதம் ஒருமுறை செக் பண்ணுங்கள்.

முதல் பனி விழுந்த அன்று டயர் கடையில் இடம் கிடைக்காது. அக்டோபரிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள்.