மதுரைக்குப் போகும் வழியில் சார்ஜ்

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். 45 யூனிட் பேட்டரி கொண்ட மின்சாரக் கார், நெடுஞ்சாலை வேகத்தில் ஏசியும் போட்டு ஓட்டினால், யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் தரும். முழு சார்ஜில் 280, 300 கிலோமீட்டர் போனாலே பெரிது. ஊருக்குள் ஓட்டுபவருக்கு வீட்டு பிளக்கே போதும். இரவில் மாட்டிவிட்டுத் தூங்கிவிடலாம். வெளியூர் கிளம்பும்போதுதான் பொது சார்ஜிங் நிலையம் தேவைப்படுகிறது.

2022-இல் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் சென்னை–திருச்சி–மதுரை சாலையில் தன் பங்க்குகளில் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக வேக சார்ஜர்களை நிறுவியது. நல்ல தொடக்கம். ஆனால் அப்போது நிறுவியவை 25 கிலோவாட் திறனுள்ளவை. மணிக்கு 25 யூனிட்டுக்கு மேல் ஏற்றாது. நம் காரை 10 சதவீதத்திலிருந்து 80-க்குக் கொண்டுவர 31 யூனிட் வேண்டும். அதற்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகிவிடும். 60 கிலோவாட் சார்ஜர் என்றால் அதே வேலை 40 நிமிடத்தில் முடியும். குடும்பத்தோடு இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வரச் சரியாக இருக்கும். சாலையோர ஹோட்டல் வாசலில் இருக்கும் சார்ஜரை ஓட்டுநர்கள் தேடிப் போவது இதனால்தான். 80-ஐத் தாண்டினால் பேட்டரியே வேகத்தைக் குறைத்துவிடும். அதற்கு மேல் காத்திருப்பது வீண். பின்னால் நிற்பவருக்கும் இடைஞ்சல்.

பின்னால் ஒருவர் நிற்பதுதான் உண்மையான சிக்கல். ஒரே ஒரு சார்ஜிங் கன் உள்ள நிலையத்தில் முன்னால் ஒரு கார் நின்றால் காத்திருப்பு இரட்டிப்பாகும். பொங்கல், தீபாவளி நாட்களில் கேட்கவே வேண்டாம். சார்ஜர் முன்னால் பெட்ரோல் கார் நிறுத்தப்பட்டிருப்பதும் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி ஆப், அதில் தனி வாலட், ஒவ்வொன்றிலும் மீதிப் பணம் முடங்கிக் கிடக்கும். யுபிஐயில் நேரடியாகப் பணம் கட்ட எல்லா இடத்திலும் வழி வந்தாக வேண்டும்.

செத்துக் கிடப்பதாகத் தோன்றும் சார்ஜர்களில் சில, உண்மையில் பழுதானவை அல்ல. முகப்பிலோ பக்கவாட்டிலோ சிவப்பாக ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். யாரோ அதை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். புகையோ கருகல் வாடையோ இல்லையென்றால், உதவி எண்ணை அழைத்துச் சொல்லிவிட்டு, பொத்தானை வலப்பக்கம் திருகி விடுவிக்கலாம். சற்று நேரத்தில் திரை உயிர்பெறும். பங்க் ஊழியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

செலவைப் பார்ப்போம். யூனிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 31 யூனிட்டுக்கு 620 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 730 ரூபாயைத் தாண்டும். 200 கிலோமீட்டருக்கு அது பெட்ரோல் செலவில் ஏறக்குறைய பாதி. வீட்டு மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அதிகம்தான். எனவே தினமும் பொது நிலையத்தை நம்பி மின்சாரக் கார் வாங்குவது, குறிப்பாக அடுக்குமாடியில் பிளக் வசதி இல்லாதவர்களுக்கு, கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டுதல் கூறியது. 2023 மார்ச்சில் அரசு எண்ணெய் நிறுவனங்களின் பங்க்குகளில் 7,432 நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எண்ணிக்கையோடு, ஓரிடத்தில் எத்தனை கன், அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்பதையும் அரசு கேட்க வேண்டும். அதுவரை அனுபவப்பட்டவர்கள் செய்வது இதுதான்: கடைசியாக அங்கே யார் எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று ஆப்பில் பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்த நிலையம் வரை போகும் அளவுக்கு, 20 சதவீதமாவது மிச்சம் இருக்கும்போதே வண்டியை ஓரங்கட்டுகிறார்கள்.