உங்களுக்குத் தெரியுமா?

வெப்பநிலையைத் தேடப் போய் மடிக்கணினியே செத்துப்போன காலம் உண்டு! 2000-களின் தொடக்கத்தில், லினக்ஸின் ‘எல்எம்-சென்சார்ஸ்’ மென்பொருள் உணரிகளைத் தேடியபோது, ஐபிஎம் திங்க்பேட் மாடல்கள் சில மீண்டும் பூட் ஆகவே இல்லை.

• உணரி இருக்கிறதா என்றறிய அனுப்பிய சிறு சமிக்ஞை, அதே இணைப்பில் இருந்த 24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சிப்பின் தரவைக் குலைத்துவிட்டது. பின்னர், ஐபிஎம் கணினி என்று தெரிந்தால் இயங்காதபடி ஒரு தடை கெர்னல் டிரைவரிலேயே சேர்க்கப்பட்டது.

• இன்று எல்எம்-சென்சார்ஸின் ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ கட்டளை ஒவ்வொரு தேடலுக்கு முன்பும் அனுமதி கேட்கிறது. சந்தேகம் வந்தால் வெறும் என்டர் தட்டுங்கள். அது முன்வைக்கும் விடையே பாதுகாப்பானது.

• பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை எல்எம்78 போன்ற உணரிச் சிப் நேரடியாக அளக்காது; அதன் எல்லை சுமார் 4 வோல்ட். மதர்போர்டில் உள்ள மின்தடைகள் குறைத்துத் தருவதையே அது படிக்கிறது. அந்த மின்தடைகளின் மதிப்பு போர்டுக்குப் போர்டு மாறும். அதனால் திரையில் 12-க்குப் பதில் 3 வோல்ட் தெரிந்தால் பவர் சப்ளையைக் குறை சொல்லாதீர்கள். எல்எம்-சென்சார்ஸின் உள்ளமைவுக் கோப்பில் ‘கம்ப்யூட்’ வரியில் சரியான பெருக்கலை எழுதுங்கள்.

• வெப்பநிலை காட்டும் கெர்னல் கோப்பில் 45000 என்று கண்டால் பதற வேண்டாம். அது மில்லிடிகிரிக் கணக்கு. உண்மையில் 45 டிகிரி செல்சியஸ்தான்.

• ரைசன் 7 1800எக்ஸ் பிராசசர் விசிறிக் கட்டுப்பாட்டுக்காகத் தரும் ‘டிசிடிஎல்’ அளவு, உண்மை வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதல். உண்மை வெப்பத்துக்கு ‘டிடை’ என்ற வரியைப் பாருங்கள்.