துவங்க மறுக்கும் கணிப்பொறி: ஸாக்கெட் பழுதைக் கண்டறியும் முறை

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் போன்ற சிற்றூர்களில் மேசைக் கணிப்பொறி ஒன்று துவங்காமல் நின்றுவிடுமாயின், அதைச் சித்தூருக்கோ திருப்பதிக்கோ சுமந்து செல்ல நேரும். அதற்கு முன் பழுது எவ்விடத்தில் உளது என்பதை ஓரளவேனும் அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில், நல்ல நிலையிலுள்ள செயலியைக் குற்றங்கூறி மாற்றுவதும், சிதைந்த ஸாக்கெட்டில் புதிய செயலியை அமர்த்தி அதையும் இழப்பதும் எளிதில் நேரக்கூடியவை.

செயலி எனப்படும் பிராசஸர், மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் மதர்போர்டில் நேரே பற்றவைக்கப்படுவதில்லை. கழற்றி மாட்டத்தக்க ஸாக்கெட்டில் அமர்த்தப்படுகிறது. முன்பு ஊசிகள் செயலியின் அடியிலும் துளைகள் ஸாக்கெட்டிலும் இருந்தன. 2004ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 775 முனைகள் கொண்ட ஸாக்கெட்டை வெளியிட்டு இம்முறையைத் தலைகீழாக மாற்றியது. செயலியின் அடியில் பொன்முலாம் பூசிய தட்டையான திட்டுகள் மட்டுமே எஞ்சின. வில்போல் வளைந்த மெல்லிய முனைகள் பலகைக்குப் பெயர்ந்தன. 2021இல் வந்த ஸாக்கெட்டில் இம்முனைகள் 1,700. ஏ.எம்.டி. நிறுவனமும் 2022இல் 1,718 முனைகளுடன் இவ்வழிக்கே வந்தது. முனைக்கு முனை இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே.

1960இல் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியில் ஏறத்தாழ 2,700 வால்வுகள் இருந்தன. வால்வின் ஊசி வளைந்தால் அதை எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். இன்றோ முனை வளைந்தால் பலகையே போயிற்று எனலாம்.

செயலியை அமர்த்தும்போது விரல் நழுவி அதன் மூலை முனைகள்மீது விழுதல், துடைக்கும் துணியின் இழை சிக்கி இழுத்தல் ஆகியவையே பெரும்பாலும் இச்சேதத்திற்குக் காரணம். பின்னர் மின்சாரம் செலுத்தினால் விசிறிகள் சுழலும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் தோன்றாது. சில வேளைகளில் ஓரிரு விநாடிகளில் தானே அணைந்துபோகும்.

முதலில் எளியவற்றை விலக்க வேண்டும். செயலிக்கெனத் தனியே வரும் நான்கு அல்லது எட்டு முனை மின்கம்பி சரியாகச் செருகப்படாவிடினும் இதே அறிகுறி தோன்றும். அடுத்தது ஒலிச் சோதனை. பலகையில் சிறு ஒலிப்பானை இணைத்து, ரேம் எனப்படும் நினைவகத் தகடுகள் யாவற்றையும் கழற்றிவிட்டு மின்சாரம் செலுத்துக. நினைவகம் இல்லை என்பதைக் கணிப்பொறி ‘பீப்’ ஒலியால் அறிவிக்குமாயின், செயலி கட்டளைகளை நிறைவேற்றுகிறது என்பது தெளிவு. அவ்வொலியை எழுப்புவது செயலி இயக்கும் நிரலேயன்றோ? முழு மௌனம் நிலவினால் ஐயம் செயலியின்மீதோ, ஸாக்கெட்டின்மீதோ, பலகையின் மின்வழங்கு பகுதியின்மீதோ விழும். சில பலகைகளில் இதற்கென அடையாள விளக்குகளும் உண்டு.

ஒலி கேட்டபின் ஒரே ஒரு தகட்டை ஒவ்வொரு பள்ளத்திலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். நினைவகத்தை ஆளும் சுற்று முன்னாளில் பலகையில் இருந்தது. இப்போது செயலிக்குள்ளேயே உளது. ஆதலால் ஸாக்கெட்டின் ஒரு முனை கெட்டாலும் நினைவகம் கெட்டதுபோல் தோன்றும். ஒரு வரிசைப் பள்ளங்களில் மட்டும் எத்தகடும் இயங்காவிடின், அவ்வரிசைக்குச் செல்லும் முனைகளையே ஐயுற வேண்டும். மற்ற வரிசையைக் கொண்டு பலர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவருவதும் உண்டு.

இறுதியில் கண்ணால் காணல். மின்கம்பியை நீக்கிச் செயலியை வெளியே எடுத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சி உருப்பெருக்கியால் நோக்குக. கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினும் போதும். நேரான முனைகள் வரிசையாக ஒரே திசையில் மின்னும். வளைந்தது மட்டும் வேறாக ஒளிரும். முனைகளுள் பல மின்சாரம் ஏற்பவையும் புவி இணைப்புமாகையால், அவற்றுள் ஒன்று முறிந்தாலும் கணிப்பொறி இயங்கக்கூடும். வளைந்து அண்டை முனையைத் தொட்டு நிற்பதே பேரபாயம், செயலி எரிந்துபோகலாம். ஆதலின் முனைகள் நேராகும்வரை வேறு செயலியை வைத்துச் சோதித்தல் ஆகாது.

நுண்ணிய ஊசியால் முனையை மெல்ல உயர்த்தி நிமிர்த்தலாம், ஆனால் ஒருமுறைதான். மீண்டும் மீண்டும் வளைத்தால் உலோகம் களைத்து முறியும். முறிந்தபின் ஸாக்கெட் முழுவதையும் பெயர்த்து மாற்ற வெப்பக் காற்றுச் சாதனமும் தேர்ந்த கையும் தேவை. கூலி சில வேளை பலகையின் விலையை எட்டும்.

பலகை கெட்டதால் சேமித்த கோப்புகள் அழிந்தன என அஞ்ச வேண்டாம். அவை வட்டில் உள்ளன. வட்டைக் கழற்றி வேறு கணிப்பொறியில் இணைத்துப் படிக்கலாம். வட்டு பூட்டுக்குறியீடு இடப்பட்டதாயின் மீட்பு எண் வேண்டும். அவ்வெண்ணைக் கணிப்பொறி நலமாயிருக்கும்போதே தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.