வீட்டு வாளியில் ஒரு ரசாயனசாலை

1963-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி, பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்திலே, பெரிய வரிகளுக்கும் பெரிய செலவுகளுக்கும் நடுவில் சாமான்ய ஜனங்களுக்கு உகந்த சிறிய சலுகை ஒன்றும் இடம் பெற்றிருந்தது. தன் வீட்டு உபயோகத்துக்காகத் தன் அடுக்களையிலேயே பீர் காய்ச்சுகிறவனும் அரசாங்கத்திடம் லைசென்ஸ் பெற்றாக வேண்டும் என்று 1880-இல், பிரதமர் கிளாட்ஸ்டன் காலத்தில், ஏற்பட்டிருந்த விதி அன்று நீங்கியது. விற்பனை செய்யாத வரையில் யாரும் தமக்கு வேண்டிய பீரைத் தாமே தயாரித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளுக்குள் பூட்ஸ் போன்ற மருந்துக் கடைகளின் அலமாரிகளில் மால்ட் பாகு அடைத்த தகரடப்பாக்களும் ஈஸ்ட் பொட்டலங்களும் வரிசையாக இடம் பெறலாயின.

இதைப் புதிய பழக்கம் என்பதைவிட மறந்துபோன பழக்கத்தின் புனர்ஜன்மம் என்பதே பொருந்தும். மத்திய காலத்து இங்கிலாந்தில் ரொட்டி சுடுவதைப் போலவே பீர் காய்ச்சுவதும் வீட்டுப் பெண்களின் அன்றாட வேலையாக இருந்தது. 1820-களின் தொடக்கத்தில் ஏழைக் குடும்பங்களின் சிக்கன வாழ்வைக் குறித்து ஆங்கில எழுத்தாளர் வில்லியம் காபெட் எழுதிய நூலில், முதலில் எடுத்துக்கொண்ட விஷயமே வீட்டில் பீர் காய்ச்சுவதுதான். மால்ட்டின் மேல் விதிக்கப்பட்ட வரியும் தேயிலைப் பழக்கமும் சேர்ந்து அந்தக் கலையைக் குடிசைகளிலிருந்து விரட்டிவிட்டன என்பது அவருடைய தீராத மனக்குறை. ஆகவே, குறைந்த செலவில் பீர் காய்ச்சுவது எப்படி என்ற கேள்வி, வீட்டு பீரின் சரித்திரத்தோடு கூடவே பிறந்த கேள்வி எனலாம்.

செலவைக் குறைக்க விரும்புகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பீர் உண்டாவதில் மனிதனுடைய பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு என்பதே. பார்லி தானியத்தை நீரில் ஊறவைத்து முளைகட்டினால், செடிக்கு உணவாக விதையினுள் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் என்ஸைம்கள் அதில் தோன்றுகின்றன. முளை மேலும் வளர்ந்து அந்தச் சத்தைத் தின்றுவிடுவதற்கு முன்னால், பதமான சூட்டில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்தினால் அதுவே மால்ட். 1833-இல் பாயன், பெர்ஸோஸ் என்ற இரண்டு பிரெஞ்சு ரசாயனிகள் மால்ட்டிலிருந்துதான் டயஸ்டேஸ் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். என்ஸைம் ஒன்றை மனிதன் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது அப்போதுதான். இடித்த மால்ட்டைச் சுமார் 65 முதல் 67 டிகிரி செல்ஸியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், அந்த என்ஸைம்கள் மாவுச்சத்தை உடைத்துத் தித்திப்பான கஷாயமாக்கிவிடுகின்றன. அதில் ஹாப்ஸ் என்னும் கொடியின் காய்ந்த பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்தால், பூவின் பிசினிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. அந்தக் கசப்பு நாவுக்கு ருசி. கெடுதல் செய்யும் பல பாக்டீரியாக்களுக்கோ விரோதி.

மிச்ச வேலை முழுவதும் ஈஸ்டினுடையது. பவேரியாவில் 1516-இல் பிறந்த புகழ்பெற்ற பீர்ச் சட்டம், பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரலாகாது என்று விதித்தது; ஈஸ்டை அது சொல்லவேயில்லை. காய்ச்சுகிறவர்களுடைய கண்ணுக்கு அது வண்டலாகவும் நுரையாகவும் தெரிந்ததேயன்றி, உயிருள்ள ஒரு தொழிலாளியாகத் தெரியவில்லை. அதன் உயிர்த்தன்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் விஞ்ஞானிகள் நிலைநாட்டினார்கள். ஈஸ்ட் செய்யும் தொழிலின் கணக்கோ மிக எளியது. 100 கிராம் சர்க்கரையை அது முழுவதும் நொதிக்கச் செய்தால், ஏறக்குறைய பாதி எடை ஆல்கஹாலாகவும் மறுபாதி கரியமில வாயுவாகவும் பிரிகிறது. கூலி கேளாமல் இரவு பகலாக இதைச் செய்கிற அந்த நுண்ணுயிருக்கு நாம் தரவேண்டியவை மூன்றே: சுத்தமான பாத்திரம், ஒத்துக்கொள்ளும் உஷ்ணம், போதிய அவகாசம். இம்மூன்றில் எதுவும் பணத்தால் வருவதன்று என்பதே நான் வற்புறுத்தும் கருத்து.

இனி சாமான்களைப் பார்ப்போம். புதிதாகத் தொடங்குகிறவனுக்குப் பளபளக்கும் எஃகுத் தொட்டிகள் வேண்டா. உணவுப்பொருள் வைப்பதற்கேற்ற பிளாஸ்டிக்கினாலான, மூடியோடு கூடிய 25 லிட்டர் வாளி ஒன்று, உள்ளிருக்கும் வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே புகாதிருக்கவும் சிறிது நீர் ஊற்றி மூடியில் செருகும் காற்றுப்பூட்டு ஒன்று, வண்டலைக் கலக்காமல் திரவத்தை இறக்குவதற்கு ஸைபன் குழாய் ஒன்று, உஷ்ணமானி ஒன்று, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் திரவமானி ஒன்று. இவற்றோடு, குடித்து வைத்த பழைய பீர்ப் புட்டிகளைச் சேகரித்துக்கொண்டு, புதிய தகர மூடிகளையும் அவற்றை அழுத்திப் பொருத்தும் கருவியையும் வாங்கிவிட்டால் நம் ரசாயனசாலை முழுமை பெற்றுவிடும். புட்டிகள் பழுப்பு நிறமாயிருப்பது உத்தமம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வீசும் கந்தகச் சேர்மம் ஒன்று உண்டாகிறது. பழுப்புக் கண்ணாடி அந்தக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

மால்ட்டை இடித்து ஊறவைக்கும் வேலையை முதல் தடவையே மேற்கொள்ள வேண்டியதில்லை. ஆலைகளில் அந்தக் கஷாயத்தைக் காய்ச்சி ஹாப்ஸின் கசப்பையும் சேர்த்து, தேன்போலச் சுண்டவைத்த மால்ட் பாகு, 1.5 அல்லது 1.8 கிலோ டப்பாக்களில் ஈஸ்ட் பொட்டலத்தோடு கிடைக்கிறது. அதை 3 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட கொதிநீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரையைச் சேர்த்துக் கலக்கி, குளிர்ந்த நீரால் 23 லிட்டர் அளவுக்கு நிரப்பி, உஷ்ணம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் ஈஸ்டைத் தூவ வேண்டும். சூடு ஆறுமுன் தூவினால் ஈஸ்ட் நலிந்துபோகும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக மால்ட் பொடியையோ இன்னொரு டப்பா மால்ட் பாகையோ சேர்த்தால் செலவு சற்று ஏறும். ஆனால் பலன் அதைவிட அதிகம். வெள்ளைச் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடுவதால் பானம் நீர்த்து வெறுமையாக இருக்கிறது. மால்ட்டிலோ ஈஸ்டால் உடைக்க முடியாத டெக்ஸ்ட்ரின்கள் எஞ்சி நின்று பீருக்குக் கனத்தைக் கொடுக்கின்றன. சிக்கனம் செய்யலாகாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுவே.

சுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1871-இல் லூயி பாஸ்டர் லண்டனிலுள்ள விட்பிரெட் பீர் ஆலைக்குச் சென்று, அங்கிருந்த ஈஸ்டின் துளிகளைச் சூக்ஷ்மதரிசினியின் கீழ் வைத்து, அதில் நல்ல ஈஸ்டோடு கெடுக்கும் கிருமிகளும் கலந்திருப்பதைக் காட்டினார். அதைக் கண்ட ஆலைக்காரர்கள் தாங்களும் அத்தகைய கருவியொன்றை உடனே வாங்கினார்கள். பீரின் நோய்களையும் அவற்றின் காரணங்களையும் ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல் 1876-இல் வெளிவந்தது. அடுக்களையில் காய்ச்சுகிறவனிடம் சூக்ஷ்மதரிசினி இல்லை. ஆனால் பாஸ்டரின் பாடம் அவனுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கொதித்து ஆறிய தித்திப்புக் கஷாயம் எல்லா உயிர்களுக்கும் விருந்து. முதலில் வந்து பந்தியில் அமர்வது நாம் அழைத்த ஈஸ்டா, அழையாத பாக்டீரியாவா என்பதை நம்முடைய சுத்தமே தீர்மானிக்கிறது. ஆகவே, கஷாயத்தைத் தொடும் வாளி, கரண்டி, குழாய், புட்டி ஆகிய ஒவ்வொன்றையும் முதலில் அழுக்குப் போகக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் ஊறவைத்தல் வேண்டும். குழந்தைகளின் பால் புட்டிக்கென மருந்துக் கடையில் விற்கும் கிருமிநாசினியே இதற்குப் போதுமானது. அதை நன்றாக அலசிவிட வேண்டும். வாளியின் உட்புறத்தைச் சுரண்டித் தேய்த்தல் ஆகாது; கீறல்களில் கிருமிகள் குடியேறிவிட்டால் எந்த மருந்தும் அவற்றை எட்டுவது கடினம்.

ஈஸ்ட் தூவிய மறுநாளே நுரை பொங்கக் காணலாம். காற்றுப்பூட்டில் குமிழிகள் இடைவிடாமல் எழும். ஒரு கிலோ சர்க்கரை மட்டுமே சாதாரண அறை உஷ்ணத்தில் 250 லிட்டருக்கு மேற்பட்ட கரியமில வாயுவைத் தரக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால், வாயு வெளியேற வழியில்லாத பாத்திரத்தில் நொதிக்கவைப்பது எவ்வளவு அபாயம் என்பது விளங்கும். இந்நாட்களில் வாளி 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்குமாறு வீட்டின் குளிர்ந்த மூலையொன்றில் அதை வைக்க வேண்டும். உஷ்ணம் மிகுந்தால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். ஆனால் அந்த வேகத்தில் பழவாசனையும் காரமான நெடியும் கொண்ட வேண்டாத பொருள்களையும் உண்டாக்கிவிடும். வாளியை அகன்ற நீர்த்தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றிவிட்டால், செலவின்றி இரண்டொரு டிகிரி குறைந்துவிடுகிறது.

குமிழி நின்றதனாலேயே நொதித்தல் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. அதற்குச் சாட்சி திரவமானியே. தண்ணீரில் 1.000 என்று காட்டும் அந்தக் கருவி, தித்திப்பான கஷாயத்தில் 1.040 அளவில் நிற்கும். சர்க்கரை குறைந்து ஆல்கஹால் ஏற ஏறப் படிப்படியாகக் கீழே இறங்கி 1.010-க்கு அருகில் வந்து நிலைக்கும். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டினால்தான் வேலை முடிந்ததாகப் பொருள். தொடக்க எண்ணுக்கும் இறுதி எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் சதவீதம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். மேற்கண்ட உதாரணத்தில் அது சுமார் 3.9.

பிறகு பீரைப் புட்டிகளில் இறக்கி, அரை லிட்டர் புட்டிக்குச் சுமார் 3 கிராம் சர்க்கரை இட்டு மூட வேண்டும். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று, முக்கால் லிட்டருக்கு மேற்பட்ட கரியமில வாயுவை அந்தச் சிறு புட்டிக்குள்ளேயே உண்டாக்குகிறது; அது போக வழியின்றித் திரவத்தில் கரைந்து, திறக்கும்போது நுரையாக எழுகிறது. ஆகவே கண்மட்டத்தில் சர்க்கரையை அள்ளிப் போடுவதும், நொதித்தல் முடியுமுன் அடைப்பதும், மெல்லிய கண்ணாடிப் புட்டிகளை உபயோகிப்பதும் வெடிவிபத்துக்கு வழி. ஒரு வாரம் வெதுவெதுப்பான இடத்திலும், மேலும் இரண்டு வாரமேனும் குளிர்ந்த இருட்டிலும் வைத்திருப்பவனுக்கு, அந்தப் பொறுமைக்குப் பரிசாகத் தெளிந்த பீர் கிடைக்கும். முதற்புட்டியை மூன்றாம் நாளே திறந்து பார்த்து, பச்சை வாசனை அடிக்கிறதென்று மனம் சோர்ந்து விட்டுவிடுகிறவர்கள் அநேகர். அவர்கள் தோற்றது கலையினால் அல்ல, காலத்தினால்.

இத்தகைய முயற்சி எல்லாத் தேசங்களிலும் சட்டசம்மதமானதன்று. அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட பிறகே வீட்டு பீருக்கு மத்திய அரசின் தடை நீங்கியது. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் வழியில் லைசென்ஸ் இன்றி மது தயாரிப்பது குற்றம். நொதிக்கவைப்பது வேறு, அதைக் காய்ச்சி வடித்து ஸ்பிரிட் எடுப்பது வேறு. பின்னது பிரிட்டனிலும் லைசென்ஸ் இன்றிச் செய்யத்தக்கதன்று. ஆதலால், அனுமதியுள்ள நாட்டில் வாழும் வாசகர் தம் ஊர்ச் சட்டத்தை முதலில் அறிந்துகொள்வது கடமை. மற்றவர் இதை ஒரு விஞ்ஞான விளக்கமாகவே கொள்ளலாம்.

இறுதியாக, கருவிகளின் பட்டியலில் நான் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்த ஒன்று உண்டு. அது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காஸெட், சிறிய எண்ணிக்கையிலான சோதனைகளிலிருந்து நம்பத்தக்க முடிவு காண்பது எப்படி என்று சிந்தித்து, 1908-இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே, இன்று உலகெங்கும் மருத்துவத்திலும் விவசாயத்திலும் பயன்படும் டி-சோதனை என்னும் புள்ளியியல் முறை பிறந்தது. வீட்டில் காய்ச்சுகிறவனுக்கும் ஆண்டில் கிட்டுவது சில சோதனைகளே. ஆகவே அவன் ஒவ்வொரு தடவையும் தேதி, நீரின் அளவு, ஈஸ்ட் தூவிய உஷ்ணம், திரவமானியின் எண்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை ஒரேயொரு அம்சத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பானாக. விலையுயர்ந்த தொட்டி வாங்கியும் குறிப்பெழுதாதவன் பத்தாவது தடவையும் அதிருஷ்டத்தையே நம்பியிருக்க வேண்டும். பழைய வாளியோடு குறிப்பு எழுதுகிறவனோ மூன்றாவது தடவையிலேயே தன் பீர் எதனால் நன்றாக வந்தது என்பதைச் சொல்லக்கூடியவன் ஆகிவிடுவான்.