ஒரு நாளைக்கு ஒரு ஊசி

பெனிசிலின் காலத்து வார்டில் நோயாளிக்கும் சிஸ்டருக்கும் தூக்கம் கிடையாது. அந்த மருந்து ரத்தத்தில் அதிக நேரம் தங்காது என்பதால், நாலு அல்லது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி. 1980-களின் தொடக்கத்தில் ரோஷ் நிறுவனம் கொண்டுவந்த செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் இதை மாற்றியது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் எட்டு மணி நேரம் ஆகும். பல தொற்றுகளுக்கு நாளைக்கு ஒரு ஊசி போதும். காலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அந்தச் சௌகரியமே வினையாகவும் ஆனது. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் “ஒரு ஊசி போட்டுவிடுங்க” என்று கேட்டு வாங்குகிறோம். வைரஸை இது தொடக்கூடச் செய்யாது.

குப்பியில் இருப்பது வெள்ளையோ இளமஞ்சளோ ஆன தூள். தசையில் போடும்போது வலிக்கும் என்று, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனில் கலக்குவார்கள். அப்படிக் கலந்ததை நரம்பில் ஏற்றவே கூடாது. நரம்புக்கு என்றால் ஊசித் தண்ணீரில் கரைத்து, இரண்டு முதல் நாலு நிமிடம் மெதுவாக. அவசரப்படுத்தும் உறவினர்கள் கொஞ்சம் வெளியே நிற்கலாம்.

கால்சியம் விஷயம் பின்னால் தெரிந்தது. இந்த மருந்தும் கால்சியமும் சேர்ந்து, பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிகமாகப் படிந்து உயிர்போன சம்பவங்களை அடுத்து, 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ட்ரிப்ஸாக ஏற்றும் ரிங்கர் லாக்டேட்டிலும் கால்சியம் உண்டு. 28 நாளுக்கு உட்பட்ட குழந்தைக்கு கால்சியம் உள்ள ட்ரிப்ஸ் ஏறுகிறது, ஏறப்போகிறது என்றால் இந்த ஊசியே கூடாது. மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கும் கூடாது. பெரியவர்களுக்கும் இரண்டையும் ஒன்றாகக் கலந்தோ, ஒரே வழியில் ஒரே நேரத்திலோ ஏற்றுவதில்லை. ஒன்று முடிந்ததும் குழாயைச் சலைனால் கழுவிவிட்டு அடுத்தது.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பத்தில் ஒருவருக்கு செஃப்ட்ரையாக்ஸோன் வகை மருந்துகளும் ஒத்துக்கொள்ளாது என்று அன்று பாடம் நடந்தது. இன்றைய கணக்கு அதைவிட வெகு குறைவு. ஆனாலும் முன்பு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் போடும் டெஸ்ட் டோஸ் ஒன்றும் செய்யவில்லை என்பதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வாமை வந்தால் உடனே கொடுக்க, பக்கத்தில் அட்ரினலின் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இந்தியாவில் 2014 முதல் இது எச்1 அட்டவணை மருந்து. சீட்டில்லாமல் விற்கக்கூடாது; மருத்துவர், நோயாளி பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கண்டபடி போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பதுதான் காரணம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய டைபாய்டு கிருமியிடம் இந்த ஊசி தோற்றது. அங்கே மருத்துவர்கள் அசித்ரோமைசின் மாத்திரைக்கோ, மெரோபெனம் என்ற இன்னும் விலைகூடிய ஊசிக்கோ போக வேண்டியிருக்கிறது.