சோதித்துப் பார்க்கும் மனசு

புனேயின் வாகட்டில் குடியிருந்து ஹிஞ்சேவாடி மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்வரும் தமிழர்கள் அதிகம். அடுத்தவரின் புது யோசனையை எப்படி வரவேற்க வேண்டும் என்பதற்கு அவர்கள் மும்பையைப் பார்க்க வேண்டாம், பெங்களூரைப் பார்க்க வேண்டாம். புனேவுக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், நாராயண்காவ் பக்கத்துக் கோடத் கிராமத்தில், தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களோடு நிற்கிறது ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி. அதன் பிறப்புக் கதை 1961-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. கோவிந்த் ஸ்வரூப், டி.கே. மேனன், முகுல் குண்டு, டி. கிருஷ்ணன் என்ற நான்கு இளம் இந்தியர்கள் வெளிநாட்டில் இருந்தபடி, இந்தியாவில் ரேடியோ வானியல் தொடங்கலாம் என்று இங்குள்ள அறிவியல் நிறுவனத் தலைவர்களுக்கு எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் ஹோமி பாபா, மூத்த வானியலாளர்களின் கருத்தையும் பார்த்துவிட்டு, 1962 ஜனவரியில் சம்மதத் தந்தி அனுப்பினார். ஸ்வரூப் 1963-இல் தாயகம் திரும்பினார்.

வருகிற யோசனைக்கெல்லாம் தலையாட்டினால் நிறுவனம் உருப்படுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், பெரும்பாலான புது யோசனைகள் தேறுவதில்லை. ஆனால் பாபா தலையாட்டவில்லை, சோதிக்க இடம் கொடுத்தார். ஆஸ்திரேலியா கொடுத்த, தலா 1.8 மீட்டர் அகலமுள்ள 32 பழைய டிஷ்களைக் கொண்டு 1965-இல் மும்பைக்கு அருகே கல்யாணில் சூரியனை ஆராயும் சிறு தொலைநோக்கி எழுந்தது. அது வேலை செய்தது. குழுவுக்குக் கையும் பழகியது. திறந்த மனம் என்று நான் சொல்வது இதைத்தான்: யோசனை தோற்பதற்கோ ஜெயிப்பதற்கோ ஒரு சின்ன வாய்ப்பு. அதற்குப் பாபாவின் அதிகாரமும் பணமும் வேண்டும் என்ற வாதம் இங்கே நிற்காது. பழைய டிஷ்களை எடுத்துப் பயன்படுத்தச் சொல்ல எந்த மேலாளராலும் முடியும்.

அடுத்த யோசனைதான் துணிச்சலானது. ஊட்டி அருகே முத்தொரையில், அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக ஒரு தொலைநோக்கியை அதன்மேல் கிடத்தினார்கள். சரிவின் புண்ணியத்தால் அதன் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்தது; அந்த ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 1970-இல் அது இயங்கத் தொடங்கியது. மேசையில் உட்கார்ந்து, தட்டையான நிலத்தில்தான் கட்ட வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்திருந்தால் இந்த எளிமை கிடைத்திருக்காது.

எல்லாமே பலித்துவிடவில்லை. பூமத்தியரேகைப் பகுதியில் இன்னும் பெரிதாக ஒன்று கட்டும் கூட்டுத் திட்டம் கைகூடவில்லை. ஆனால் பெரிதாக யோசிக்கும் பழக்கம் வீண் போகவில்லை. உலகம் குறுகிய அலைகளின் பக்கம் போய்க்கொண்டிருந்த 1980-களில் மீட்டர் அலைகளுக்கென ஜி.எம்.ஆர்.டி. திட்டமிடப்பட்டது. டிஷ்ஷின் பரப்புக்குக் கனத்த தகடு வேண்டாம், கயிற்றுச் சட்டங்களில் இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பிவலை போதும் என்பது ஸ்வரூப் குழுவின் யோசனை. காற்று வலையின் ஊடே புகுந்து போய்விடுவதால் தாங்க வேண்டிய பாரம் குறைந்தது, செலவும் குறைந்தது. 2023-இல் பல்சர் விண்மீன்களின் துடிப்பைக் கொண்டு ஈர்ப்பலைகளின் பின்னணி இரைச்சலுக்குச் சான்று தந்த ஐரோப்பியக் குழுவோடு இந்தியக் குழுவும் கைகோத்திருந்தது. இந்தியத் தரப்பின் தரவுகள் கோடத்தின் அந்தக் கம்பிவலைகளில் சேர்ந்தவை.